குளூட்-1 குறைபாடு: வலிப்பாகத் தோன்றாத அசைவுகளைக் கவனித்துக் குறித்துவைப்பது எப்படி?

குழந்தைப் பருவத்தில் தொடங்கும் அரிய மரபணு வலிப்பு நோய்களில், காரணம் தெளிவாகத் தெரிந்து அந்தக் காரணத்தை ஒட்டியே சிகிச்சையும் அளிக்க முடிகிறவை மிகச் சில. குளூட்-1 குறைபாடு அவற்றுள் ஒன்று. அப்படியிருந்தும் பல குழந்தைகளுக்கு இந்நோய் ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. வலிப்பு வந்தால் குடும்பமே பதறி மருத்துவமனைக்கு ஓடுகிறது; ஆனால் வலிப்புக்கு முன்பும் வலிப்புகளுக்கு இடையிலும் வந்துபோகிற விநோதமான அசைவுகளை, குழந்தையின் சுபாவம் என்றோ சோம்பல் என்றோ எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். மருத்துவரின் அறைக்குள் நுழையும்போது அந்த அசைவு நின்றுபோயிருக்கும். அவர் கண்ணால் காண முடியாததை வீட்டில் இருப்பவர்கள்தான் அவருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதைப் பெற்றோருக்காகவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அசைவுக்குச் சரியான மருத்துவப் பெயர் சூட்டுவது பெற்றோரின் வேலை இல்லை. கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து அந்த அசைவு வந்தது, எவ்வளவு ஓடியாடியபின் வந்தது, மறுபடி சாப்பிட்டதும் தணிந்ததா என்ற விவரங்கள்தான் இந்நோயில் மற்ற எல்லாவற்றையும்விட வலுவான தடயம். அதற்குக் காரணம் நோயின் அடிப்படையிலேயே இருக்கிறது. மூளைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே செல்வதற்குக் குளூட்-1 என்னும் கடத்திப் புரதம் தேவை. அந்தப் புரதத்தை உருவாக்கும் எஸ்எல்சி2ஏ1 என்ற மரபணுவில் பிழை நேர்ந்தால், இரத்தத்தில் சர்க்கரை சரியான அளவில் இருந்தும் மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. 1991-இல் குழந்தை நரம்பியல் மருத்துவர் டாரில் டி விவோவும் அவருடைய குழுவினரும் இரண்டு குழந்தைகளிடம் இந்நோயை முதன்முதலாக விவரித்தார்கள். மரபணுப் பிழை 1998-இல் உறுதிசெய்யப்பட்டது. வழக்கமான இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் எதுவும் தப்பாகத் தெரியாது என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் இறங்கினாலும், உடல் உழைப்போ காய்ச்சலோ தேவையைக் கூட்டினாலும், ஏற்கெனவே பற்றாக்குறையில் இயங்கும் மூளை உடனே தடுமாறுகிறது. காலையில் கண்விழித்தவுடன், உணவு தாமதமாகும்போது, நெடுந்தூரம் நடந்தபின், காய்ச்சல் நாட்களில் என்று அறிகுறிகள் ஓர் ஒழுங்கில் கூடிக் குறைவது இதனால்தான்.

எந்த அசைவுகளைக் கவனிக்க வேண்டும்?

கைக்குழந்தைகளிடம் மிக முன்னதாகத் தென்படக்கூடியது கண்ணும் தலையும் சேர்ந்து தாவும் அசைவு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த அசைவு வருகிற குழந்தைகளில் பலரிடம் இது முதல் வலிப்புக்கு முன்பே தோன்றிவிடுகிறது. குழந்தை மல்லாந்து படுத்திருக்கும். திடீரென்று இரண்டு கண்களும் ஒரு பக்கம் விசுக்கென்று தாவும். தலையும் அதே பக்கம் திரும்பும். நொடிக்கும் குறைவான நேரம் பார்வை அங்கே நிற்கும். பிறகு மேலேயோ கீழேயோ எதிர்ப்பக்கமோ மறுபடி தாவும், தலையும் கூடவே போகும். எங்கோ பறக்கும் ஈயைக் குழந்தை துரத்திப் பார்ப்பதுபோல் இருக்கும், ஆனால் அங்கே எதுவும் இருக்காது. இப்படிச் சில நிமிடங்கள் நீடிக்கலாம். அந்த நேரத்திலும் பெயர் சொல்லி அழைத்தால் பல குழந்தைகள் முகம் பார்க்கின்றன. 2017-இல் இந்த அசைவை ஆராய்ந்து எழுதியவர்கள், வேறொரு நோயான ஆப்சோக்ளோனஸிலிருந்து இதைப் பிரித்துக்காட்டினார்கள்: ஆப்சோக்ளோனஸில் கண்கள் இடைவெளியே இல்லாமல் தாறுமாறாகத் துள்ளும், இதில் தாவலுக்கும் தாவலுக்கும் நடுவே ஒரு சிறு நிறுத்தம் இருக்கிறது, தலையும் அதே திசையில் செல்கிறது. இந்தப் பிரிவினை மருத்துவருக்கு மிக முக்கியம். ஆப்சோக்ளோனஸ் என்றால் உடலில் எங்காவது கட்டி இருக்கிறதா என்று தேடவேண்டியிருக்கும். குழந்தை வளர வளரக் கண்–தலை அசைவு தானாகவே குறைந்து மறைந்துவிடும். அது நின்றுபோனதால் நோயும் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முன்பு இருந்தது என்ற செய்தி பிற்காலத்திலும் பயன்படும்.

நடக்கத் தொடங்கிய குழந்தையிடம் நடையைப் பாருங்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட 57 பேரில் 89 விழுக்காட்டினருக்கு நடை இயல்பாக இல்லை. கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுவதும், முழங்கால் மடங்காமல் விறைப்பாக நடப்பதும், இவை இரண்டும் கலந்து வருவதும் அதிகம். அதே ஆய்வில், ஒரு செயலைச் செய்யும்போது கை கால்கள் முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா 86 விழுக்காட்டினரிடமும், தன்னிச்சையாக நெளிந்து துடிக்கும் கொரியா 75 விழுக்காட்டினரிடமும், பொருளை எட்டிப் பிடிக்கும்போது வரும் நடுக்கம் 70 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இவற்றில் பல மிக லேசாக இருக்கும். குழந்தை கையை நீட்டி ஒரு குவளையை எடுக்கும்போது விரல்கள் நடுங்குவது, இரு கைகளையும் முன்னே நீட்டி வைத்திருக்கச் சொன்னால் விரல்கள் வாத்தியம் வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகத் துள்ளுவது போன்றவற்றை அமைதியாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பள்ளி செல்லும் வயதில், உழைப்பால் தூண்டப்படும் அசைவுகள் முன்னுக்கு வருகின்றன. நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளைக்குக் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழித்து ஒரு பாதம் உள்பக்கமாகத் திரும்பும். கால்விரல்கள் சுருண்டுகொள்ளும், குதிகால் தரையில் பதியாது, பிறகு முழங்கால் விறைக்கும். பிள்ளை நொண்டி நொண்டி இரண்டடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். நினைவு தப்புவதில்லை, ‘கால் இழுக்கிறது’ என்று தானே சொல்லும். ஓய்வெடுத்தால் சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ சரியாகிவிடும். எஸ்எல்சி2ஏ1 மரபணுவின் பிழைதான் இந்த வகை அசைவுக்கும் காரணமாகலாம் என்பது 2008-இல் தெரியவந்தது. வலிப்பே வராமல் இது மட்டும் வருகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய பிள்ளையை விளையாட்டு நேரத்தில் சாக்குச் சொல்கிறது என்று கடிந்துகொள்வது பெரிய அநியாயம். பெற்றோரின் குறிப்பேடு அந்த அநியாயத்தைத் தடுக்கும் ஆவணமாகவும் பயன்படும்.

இவை தவிர, உடலின் ஒரு பக்கம் சில நிமிடங்களோ மணிக்கணக்கிலோ பலவீனமாகிப் பிறகு தேறுவது, பேச்சு குழறுவது, திடீரென்று தள்ளாட்டம் கூடுவது, சோர்ந்து துவண்டு கிடப்பது ஆகியவையும் வந்துபோகலாம்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். கைபேசியில் எழுதினாலும் சரி; ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் எழுதும்படி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அசைவு வந்த நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதற்குமுன் கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகிய நான்கும் எந்தப் பதிவிலும் விடுபடக் கூடாது. நேரத்தை உத்தேசமாகச் சொல்வதைவிடக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். பதற்றத்தில் 1 நிமிடம் 10 நிமிடமாகத் தோன்றும். அடுத்து, அசைவுக்குமுன் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் செய்தது, எங்கிருந்து அசைவு தொடங்கி எங்கே பரவியது, பேசியபோது பதில் சொன்னதா, முடிந்தபின் உடனே விளையாடப் போனதா அல்லது தூங்கிவிட்டதா என்பவற்றை எழுதலாம். காய்ச்சல், தூக்கக் குறைவு, அழுகை, மிகுந்த உற்சாகம் இருந்தால் அதையும் ஒரு சொல்லில் குறியுங்கள்.

எழுதும்போது ‘வலிப்பு வந்தது’, ‘பிட்ஸ் மாதிரி இருந்தது’ என்று முடித்துவிடாமல், கண்ணால் கண்டதை அப்படியே எழுதுவது நல்லது. ‘காலை 6.40. இரவு 8 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் தலை முன்னுக்கு இரண்டு மூன்று முறை தொங்கி நிமிர்ந்தது. கூப்பிட்டதும் பார்த்தான். நடக்கவிட்டபோது இடப்பக்கம் சாய்ந்தான். 7.05-க்குச் சாப்பிட்டான். 7.30-க்கு நேராக நடந்தான்’ என்ற ஒரு பதிவு, ‘அடிக்கடி தள்ளாடுகிறான்’ என்ற பத்து வரிகளைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லிவிடும். எதுவும் நடக்காத நாளையும் விட்டுவிடாமல் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவையுங்கள். மருந்தோ உணவுமுறையோ மாறும்போது எந்த வாரம் தேவலாம் என்று ஒப்பிட அந்த வெற்று நாட்கள்தான் உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உணவுக்கும் அசைவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் எண்ணத்தில் குழந்தையை வேண்டுமென்றே பட்டினி போடக் கூடாது. களைத்து விழும்வரை நடக்கவைக்கவும் கூடாது. அன்றாட வாழ்க்கையில் தானாக நேரும் இடைவெளிகளைக் குறித்தாலே தொடர்பு புலப்பட்டுவிடும்.

வீடியோ எடுக்கும்போது

நல்ல வெளிச்சத்தில், குழந்தையின் உடல் முழுவதும் தெரியும்படி முதலில் எடுங்கள்; பிறகு முகத்துக்கோ பாதத்துக்கோ அருகில் செல்லுங்கள். போர்வையை விலக்கிவிடுங்கள், காலுறையைக் கழற்றிவிடுங்கள். கால்விரல் சுருள்வது உறைக்குள் இருந்தால் தெரியாது. கண் அசைவு என்றால் முகத்துக்கு நேராகக் கைபேசியை அசையாமல் பிடிக்க வேண்டும். கைபேசியில் மெதுவோட்டமாகப் பதியும் வசதி இருந்தால் இரண்டாவது முறை அதில் எடுப்பது நல்லது, தாவலுக்கு நடுவேயுள்ள சிறு நிறுத்தம் அதில் தெளிவாகத் தெரியும். எடுத்துக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், விரலைப் பிடிக்கச் சொல்லுங்கள். நினைவு இருக்கிறதா என்பதை வீடியோவே சொல்லிவிடும். துடிக்கும் கையை மென்மையாகப் பிடித்தால் அசைவு நிற்கிறதா என்று ஒருமுறை பார்க்கலாம். இறுக்கிப் பிடித்து அடக்க முயலக் கூடாது. நடையைப் பதிவு செய்ய, குழந்தை உங்களை நோக்கி வருவதையும் விலகிப் போவதையும் பக்கவாட்டில் கடப்பதையும் எடுங்கள். சாப்பிடுவதற்கு முன் ஒன்று, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு நடைப் பதிவுகள் இருந்தால் அவற்றை அருகருகே ஓடவிட்டுப் பார்க்கலாம். இந்நோய் உள்ள குழந்தையின் குடும்பம் மருத்துவரிடம் கொடுக்கக்கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீடியோ எடுப்பது எப்போதும் இரண்டாம் பட்சம். நினைவிழந்து கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு என்றால், குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்புவதற்குள் அடுத்த வலிப்பு தொடங்கினால் அவசர உதவியை நாட வேண்டும். கைக்குழந்தை கைகளை விரித்து முன்னுக்கு மடங்கும் திடீர் அசைவுகள், குறிப்பாகத் தூங்கி எழுந்தவுடன், தொடர்ச்சியாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் குறிப்பேடு நிரம்பும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது இன்னொரு வகையான, தாமதம் பொறுக்காத வலிப்பாக இருக்கக்கூடும். திடீரென ஒரு பக்கம் செயலிழந்தால், அது முதல் முறை என்றால், அதுவும் அவசர நிலைதான்.

ஒத்த தோற்றமுள்ள வேறு நோய்கள்

மரபணு வலிப்பு நோய்களில் அசைவுக் கோளாறும் சேர்ந்து வருவது குளூட்-1 குறைபாட்டில் மட்டும் இல்லை. பிஆர்ஆர்டி2 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் வலிப்பு வந்து நின்றுபோய், பள்ளிப் பருவத்திலோ பதின்பருவத்திலோ வேறுவித அசைவுகள் தோன்றலாம். உட்கார்ந்திருந்தவர் சட்டென எழுந்து ஓடத் தொடங்கும் கணத்தில் கை கால் முறுக்கும், பெரும்பாலும் 1 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குழந்தைப் பருவ மாறுபக்கப் பக்கவாதம் என்ற நோயில் (பெரும்பாலும் ஏடிபி1ஏ3 மரபணுவின் பிழை) ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் செயலிழந்து, குழந்தை தூங்கினால் பலவீனம் மறைந்துவிடும். ஆகவே தூண்டியது திடீர் அசைவா நீண்ட உழைப்பா, தணித்தது உணவா தூக்கமா என்று நீங்கள் எழுதிய ஒரு வரி, எந்த மரபணுவை முதலில் ஐயப்படுவது என்பதில் மருத்துவருக்கு வழிகாட்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது

குறிப்பேடு முழுவதையும் படித்துக்காட்ட நேரம் இருக்காது. ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதி, மூன்று நான்கு வீடியோக்களை மட்டும் தேர்ந்து, தேதியும் கடைசி உணவு நேரமும் சேர்த்துப் பெயரிட்டு வையுங்கள். வலிப்பு மருந்துகளால் எவ்வளவு பயன் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். மருந்துகளுக்கு அடங்காத வலிப்பும் ஓர் அடையாளம். 4 வயதுக்கு முன்பே வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு தொடங்கியிருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். அந்த வயதில் அத்தகைய வலிப்பு தொடங்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் காரணம் குளூட்-1 குறைபாடு.

மருத்துவர் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் பயந்து தள்ளிப்போட வேண்டாம். மூளைத் தண்டுவட நீரில் குளுக்கோஸ் குறைந்திருப்பதுதான் இந்நோயின் முக்கியச் சான்று. பெரும்பாலானவர்களுக்கு அது 40 மில்லிகிராமுக்கும் குறைவாகவும், லேசான நோயுள்ளவர்களுக்கு 40 முதல் 60 வரையிலும் இருக்கும் (ஒரு டெசிலிட்டரில்). இப்பரிசோதனை 4 முதல் 6 மணி நேரம் உணவில்லாமல் இருந்தபின் செய்யப்படுகிறது. இரத்தச் சர்க்கரைக்கான மாதிரியை முதுகில் ஊசி போடுவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். குழந்தை அழுது அலறினால் இரத்தச் சர்க்கரை ஏறி, தண்டுவட நீரின் சர்க்கரைக்கும் இரத்தச் சர்க்கரைக்குமான விகிதம் பிறழ்ந்துவிடும். இந்த இரண்டையும் பணிவாக நினைவூட்டப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. மரபணுப் பரிசோதனை பெரும்பாலானவர்களிடம் நோயை உறுதிசெய்யும். மிகச் சிலரிடம் பிழை எதுவும் தென்படாமலும் நோய் இருக்கலாம். மூளையின் மின்செயல்பாட்டைப் பதியும் ஈஈஜி எடுக்கும்போது கடைசி உணவு நேரத்தைத் தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள். சாப்பிடுவதற்கு முன் தெரிந்த மாறுதல்கள் சாப்பிட்டபின் குறைவதுண்டு.

உணவுமுறை தொடங்கியபின்

கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறைதான் முதன்மையான சிகிச்சை. கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்கள் வேறொரு கடத்தி வழியாக மூளைக்குள் சென்று எரிபொருளாகின்றன. 2020-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் பரிந்துரை, நோய் தெரிந்தவுடன் இதைத் தொடங்கவும் குறைந்தது பதின்பருவம்வரை தொடரவும் சொல்கிறது. வலிப்பு பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். அசைவுக் கோளாறு சிலரிடம் வெகுவாகவும் சிலரிடம் ஓரளவும் குறையும். இதை நரம்பியல் மருத்துவரும் உணவியலாளரும் சேர்ந்த குழுவின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும், வீட்டில் தாமாகத் தொடங்குவது ஆபத்து.

இப்போது குறிப்பேட்டில் கீட்டோன் அளவுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். அசைவு கூடிய நாளில் கீட்டோன் இறங்கியிருந்ததா என்று பார்த்தால், சர்க்கரை கலந்த மருந்துச் சாறு, சப்பிச் சாப்பிடும் மாத்திரை போன்ற மறைவான காரணங்கள் அகப்படும். இன்னொரு பெரிய மாற்றமும் உண்டு. உணவுமுறைக்கு முன் மாவுச்சத்துள்ள உணவு அசைவைத் தணித்திருக்கலாம். அதே பழக்கத்தில் இப்போது யாராவது இனிப்பைக் கொடுத்துவிட்டால் கீட்டோன் நிலை குலைந்து வலிப்பு திரும்பக்கூடும். அசைவு வந்தால் என்ன கொடுப்பது என்பதை மருத்துவக் குழுவிடம் எழுத்தில் வாங்கிப் பள்ளியிலும் கொடுத்துவையுங்கள். வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், குளுக்கோஸ் கலந்த திரவத்தை ஏற்றுமுன் உணவுமுறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்; இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும் அது தேவைப்படும்.

ஃபீனோபார்பிட்டால், வால்ப்ரோயேட் ஆகிய மருந்துகளும் கஃபீன் உள்ள பானங்களும் குளூட்-1 கடத்தியை மேலும் தடுக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. குழந்தை இத்தகைய மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எந்த வலிப்பு மருந்தையும் திடீரென்று விட்டால் கடும் வலிப்பு வரலாம்.

குடும்பத்தில் மற்றவர்களையும் கேளுங்கள்

இந்நோய் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு மரபணுப் பிழை புதிதாக நேர்ந்ததே. தாய்க்கோ தந்தைக்கோ அது இருக்காது. ஆனால் பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்தப் பெற்றோருக்கு நோய் மிக லேசாக இருந்து, நோய் என்றே தெரியாமல் போயிருக்கலாம். ஆகவே, சின்ன வயதில் நெடுந்தூரம் நடந்தால் கால் முறுக்கிக்கொண்டதா, பசித்தால் தடுமாறினீர்களா, பிள்ளைப் பருவத்தில் வலிப்பு வந்து நின்றதா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டு, தாத்தா பாட்டியிடமும் விசாரித்து, கிடைத்த பதில்களைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மரபியல் ஆலோசகரிடம் கொடுங்கள். அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சு வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால், பெற்றோருக்கும் பரிசோதனை தேவையா என்பதை அவசரமில்லாமல் முடிவு செய்யலாம்.